ஊருக்குப் போகிறோம், காய்ச்சலையும் கொண்டு போகலாமா?

ஆடி பிறந்துவிட்டால் நம்மவர்களுக்கு மும்பையில் இருப்புக் கொள்ளாது. கோயில் கொடை, தகப்பனார் திவசம் என்று திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயிலேறுகிறோம். புடவை, தின்பண்டம், பிள்ளைகளுக்குச் சட்டை எல்லாவற்றையும் நினைவாக எடுத்துக்கொள்கிறோம். நாம் அறியாமலே உடன் வரும் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது மலேரியா.

சென்ற ஆண்டு நம் உறுப்பினரான கொத்தனார் ஒருவர் கொடைக்குப் போன நான்காம் நாள் குளிரெடுத்துப் படுத்தார். அலைச்சல் என்றார்கள், தண்ணீர் மாறியது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒரு வாரம் ஊசி போட்டார்கள். எங்கிருந்து வந்தீர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே மலேரியா என்று தெரிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் ஒரு மாதக் கூலி போயிற்று. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று.

இது ஒருவர் கதையல்ல. மலேரியாக் கொசு கடித்த அன்றே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை ஆகும். மும்பை மழையில் கடித்த கொசுவின் விளைவு ஊர்த் திண்ணையில் தெரிகிறது. தமிழகத்தில் மலேரியா பெரிதும் குறைந்துவிட்டதால், அங்குள்ள மருத்துவருக்கு அது உடனே நினைவுக்கு வராமல் போகலாம். நினைவூட்ட வேண்டியவர் நோயாளிதான். “நான் மும்பையிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்” என்ற ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு இல்லை.

அடுத்த தவறு, மருந்தைப் பாதியில் விடுவது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையிலேயே காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் கிருமி ஈரலில் ஒளிந்திருக்கும். வாரங்கள், மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அதை அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின் தருகிறார்கள். நம்மவர்களோ காய்ச்சல் விட்டதும் மாத்திரையைப் பெட்டிக்கடியில் போட்டுவிட்டு ரயிலேறுகிறார்கள். கர்ப்பிணிகளும் ஒரு வயது நிரம்பாத குழந்தைகளும் பிரைமாகுயின் உட்கொள்ளக் கூடாது. மற்றவர்களும் மருத்துவர் சொன்ன அளவிலேயே உட்கொள்ள வேண்டும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஃபால்சிபாரம் வகைக்கு மருந்து வேறு. அது மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கும். எந்த வகை என்று பாராமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது தற்கொலைக்குச் சமம்.

பாதியில் விட்டது நாம் மட்டுமா? அரசாங்கமும் விட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆண்டுக்குக் கோடிக்கணக்கானவரைத் தாக்கிய நோய் 1965 வாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேராகக் குறைந்தது. ஒழிந்தது என்று கண்காணிப்பைத் தளரவிட்டார்கள். நகரங்களைக் கவனியாமல் விட்டார்கள். கொசுவும் பூச்சிமருந்துக்கு அஞ்சாததாயிற்று. 1976-இல் 64 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். காய்ச்சல் விட்டது வேறு, நோய் ஒழிந்தது வேறு. நாட்டுக்கும் அதுவே பாடம், நம் வீட்டுக்கும் அதுவே பாடம். 2030-க்குள் மலேரியாவை ஒழிப்போம் என்று இன்றைய அரசு சொல்கிறது. அதையாவது பாதியில் விடாதிருக்கட்டும்.

வந்தேறிகளால்தான் நோய் என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். பம்பாய்க்காரன் கொண்டுவந்தான் என்று ஊரிலும் பேசுகிறார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-இல். அந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதைவிட மாடித் தொட்டியிலும், கட்டட வேலைக்குத் தேக்கிய நல்ல தண்ணீரிலும்தான் அதிகம் பிறக்கிறது. கட்டடம் யாருடையது? அதன் நிழலில் தகரக் கொட்டகையில் வலையில்லாமல் படுப்பவர் யார்? வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. எத்தனை கொட்டகையில் அது நடந்தது?

ஆகவே நாம் கோருகிறோம்: கட்டட முதலாளிகள் தொட்டிகளைக் கொசு புகாமல் மூட வேண்டும், மூடாதவர் மீது மாநகராட்சி வழக்குத் தொடர வேண்டும். வேலையிடத்திலேயே ரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சலில் படுத்த நாளுக்குக் கூலி வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டாம். தண்ணீர் டிரம்மை மூடுங்கள். வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். இங்கும் ஊரிலும் வலைக்குள் படுங்கள். காய்ச்சலோடு ரயிலேறாதீர்கள், முதலில் ரத்தம் பாருங்கள். மருந்துச் சீட்டைப் பயணச்சீட்டோடு சேர்த்து வையுங்கள். ஊரில் நோயோடு வலையில்லாமல் படுத்தால் அங்குள்ள கொசு நம்மைக் கடித்துவிட்டு நம் தாயைக் கடிக்கும், பிள்ளையைக் கடிக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை காணும் தாய்க்கு நாம் கொண்டுபோவது புடவையாக இருக்கட்டும், காய்ச்சலாக இருக்க வேண்டாம்.