துப்பாக்கி பயிரைக் காக்கவா, பொழுதைப் போக்கவா?

கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறை தீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். உரம், கால்வாய்த் தண்ணீர், கூட்டுறவுக் கடன் என்று பேச்சு தொடங்கினாலும் காட்டுப் பன்றியில் வந்து நிற்காமல் இருப்பதில்லை. பாபநாசம், களக்காடு பக்கத்து விவசாயிகள்தான் அதிகம் பேசுவார்கள். ஏத்தன் வாழையின் கிழங்கைத் தோண்டித் தின்ற பன்றி, பால் பிடித்த பிசான நெல்லை மிதித்துத் துவைத்த பன்றி என்று நஷ்டக் கணக்கு நீளும். தச்சநல்லூர்க்காரருக்கு மலை வெகு தூரம். ஆனால் பன்றி தங்குவதற்கு மலை வேண்டியதில்லை. தூர்ந்த குளத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடந்தால் போதும்.

இந்தப் பேச்சின் முடிவில் யாராவது ஒருவர், "ஆளுக்கொரு துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பார். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அந்த லைசென்ஸ் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சிறு விவசாயி முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் விவசாயிக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காகக் குழல் வாய் வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். லைசென்ஸ் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பார்களே, அந்த நாட்டுத் துப்பாக்கிதான் இது. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால் தோட்டா போடும் துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆக, சட்டம் விவசாயியை மறந்துவிடவில்லை. மனுவைத்தான் மேசைகள் மறந்துவிடுகின்றன. போலீஸ் அறிக்கைக்கும் உத்தரவுக்கும் விதியில் காலவரம்பு உண்டு. அது நடைமுறையில் தெரிய வேண்டும்.

இந்தச் சீமைக்குத் துப்பாக்கி உரிமம் என்பது பழைய புண். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. பிறகு 1878-இல் நாடு முழுவதற்கும் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. அது இருக்கும்போதே, 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் வாஞ்சிநாதனின் கைத்துப்பாக்கிக்கு இரையானார். அந்த பிரௌனிங் பிஸ்டல் பெல்ஜியத்தில் செய்தது. சட்டம் உழவனின் நாட்டுத் துப்பாக்கியைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கையில் வெளிநாட்டுப் பிஸ்டல் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது.

குடகு மாவட்டத்தின் கதை வேறு. அங்கே குடவர் இனத்தாருக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு இருக்கிறது; 2019-இல் அதை 2029 வரை மத்திய அரசு நீட்டித்தது. வெள்ளையனுக்கு உதவிய சீமைக்கு ஒரு நீதி, எதிர்த்து நின்ற சீமைக்கு ஒரு நீதி என்று நெல்லைக்காரர் கசப்போடு சொன்னால் அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை.

நிற்க. இப்போது இளவட்டங்களிடையே வேறொரு ஆசை பரவி வருகிறது. செல்போனில் அமெரிக்கப் படங்களைப் பார்க்கிறார்கள். அங்கே ஒருவர் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கூட்டைத் துடைத்து, புது கேப்பு அடித்து, மருந்து அளந்து போட்டு, ஈயக் குண்டைப் பொருத்தித் திரும்பவும் ரிவால்வரில் போட்டுச் சுடுகிறார். கைப்பிடியை மாற்றுகிறார், விசையை இலகுவாக்குகிறார். அங்கே சொந்த உபயோகத்துக்கு இப்படித் தோட்டா அடைப்பதற்கு மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டியதில்லை. தபால் தலை சேர்ப்பதுபோல் அது ஒரு பொழுதுபோக்கு.

அந்தப் பொழுதுபோக்கின் பெரிய வாத்தியார் எல்மர் கீத் என்பவரும் ஒரு வகையில் விவசாயிதான். அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களில் மாடு மேய்த்தவர், பண்ணை வைத்திருந்தவர். கைத்துப்பாக்கியின் சக்தியைக் கூட்டுவதற்காக ஆண்டுக்கணக்கில் தாமே தோட்டா அடைத்துப் பார்த்தார். 1925-இல் அப்படி அளவுக்கு மீறி அடைத்த ஒரு தோட்டா அவர் கையிலேயே ரிவால்வரின் சிலிண்டரைப் பிளந்தது. அதற்குப் பிறகு கனமான சிலிண்டர் உள்ள வேறு அளவுக்கு மாறினார். அவருடைய வற்புறுத்தலின் பேரில்தான் .44 மேக்னம் என்ற தோட்டாவும் அதற்கேற்ற ரிவால்வரும் 1955 இறுதியில் உருவாயின என்பார்கள். மனிதர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. அப்பேர்ப்பட்டவர் கையிலேயே வெடித்தது என்பதை நம் ஊர் இளைஞர் கவனிக்க வேண்டும்.

இந்த நாட்டில் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. லைசென்ஸ் உள்ளவர் தோட்டாவை உரிமம் பெற்ற கடையில், புத்தகத்தில் எழுதிய எண்ணிக்கைக்குள் வாங்கலாம். வீட்டில் தோட்டா அடைத்தால் அது அனுமதியில்லாத தயாரிப்பு. குழலை வெட்டிக் குட்டையாக்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு அனுமதியின்றி ஆயுதமோ தோட்டாவோ தயாரித்தால் குறைந்த தண்டனையே 7 ஆண்டு. ஆயுள் வரையிலும் போகலாம். பொழுதுபோக்கு என்று கோர்ட்டில் சொன்னால் யார் கேட்பார்கள்? காணி நிலம் வக்கீல் செலவுக்குப் போய்விடும்.

ரிவால்வர் பயிருக்கும் உதவாது. கான்பூர் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வர் மனிதன் தன் உயிரைக் காத்துக்கொள்ள வைத்திருப்பது. வரப்பில் ஓடும் பன்றியை இருட்டில் அதைக் கொண்டு சுடுகிறவர் பன்றியைக் காயப்படுத்தி விரட்டலாம். காயம்பட்ட பன்றி மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் ஆளின் தொடையைக் கிழிக்கும். இடுப்பில் ரிவால்வரோடு திருமண வீட்டுக்கு வருகிறவர்களுக்கு லைசென்ஸ் கிடைக்கும்போது வாழைக்காரனுக்கு நாட்டுத் துப்பாக்கி கிடைக்கவில்லையே என்று கேட்பது நியாயமான கேள்வி. எனக்கும் ரிவால்வர் கொடு என்று கேட்பது அதற்குப் பதிலாகாது.

கையால் மருந்து இடித்துச் சுட வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு எஸ்.பி.எம்.எல். துப்பாக்கியே போதுமான வேலை வைக்கும். ஒவ்வொரு வெடிக்கும் மருந்து, அடைப்பு, ரவை, கேப்பு என்று கையால்தான் போட வேண்டும். கருமருந்துப் புகைக் கரி ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றைக்கே கொதிநீர் விட்டுக் குழலைக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசி வைக்காவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் துருவேறி, அடுத்த வருஷம் குழல் பிளக்கும். தோட்டாவிலிருந்து எடுத்த புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. அது தரும் அழுத்தத்தை இந்தக் குழல் தாங்காது. மிகப் பெரிய ஆபத்து, மருந்து இடித்த துப்பாக்கியைச் சுடாமல் அப்படியே வீட்டு மூலையில் சாத்தி வைப்பது. இதில் தோட்டாவை உருவுவதுபோல் மருந்தை எடுத்துவிட முடியாது. இது வெறுந்துப்பாக்கிதானே என்று பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். பூட்டிய பெட்டிக்கு வெளியே அது இருக்கக் கூடாது.

இத்தனையும் செய்து முறைப்படி துப்பாக்கி வைத்திருப்பவரும் பன்றியைச் சுட்டுவிட முடியாது என்பதுதான் இந்த விவகாரத்தின் மர்ம முடிச்சு. துப்பாக்கி லைசென்ஸ் ஒரு சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னொன்று. முதலாவது, பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள் என்கிறது. இரண்டாவது, அனுமதியில்லாமல் சுட்டால் வேட்டைக் குற்றம் என்கிறது. உத்தரவு கையில் இல்லாதவரை விவசாயியின் துப்பாக்கி சத்தம் போட்டு விரட்டும் வேட்டுதான். சத்தத்துக்குப் பன்றி இரண்டு ராத்திரி பயப்படும். மூன்றாம் ராத்திரி பழகிவிடும்.

துப்பாக்கியும் இல்லை, அனுமதியும் இல்லை என்று வெறுத்துப் போனவர்கள் தேடிய குறுக்கு வழிகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதையும் பார்த்தாயிற்று. 2020 மே மாதம் பாலக்காடு பக்கத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்த சினை யானை ஆற்றில் நின்றபடியே செத்தது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே வயலைச் சுற்றிப் போட்ட மின்வேலியில் 3 யானைகள் மாண்டன, நிலத்துக்காரர் கைதானார். வெடியும் மின்கம்பியும் பன்றிக்கென்று வைத்தாலும் பன்றியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. மடை திறக்கப் போகும் பக்கத்து வயல்காரரும் அந்தக் கம்பியில்தான் கால் வைக்க வேண்டும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர் சுடலாம். தச்சநல்லூர் போன்ற ஊர்கள் மூன்றாவது வகையில் அடங்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் ராத்திரி 1 மணிக்கு வயலில் இறங்கும் பன்றிக்கு, மறுநாள் மனு எழுதி, ஆள் வந்து சேருவதற்குள் மூன்று மரக்கால் விதைப்பாடு முடிந்துவிடும்.

கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர்களே உத்தரவிடலாம். உரிமம் உள்ள உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டு அவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். அந்த ஏற்பாடு இங்கே வர வேண்டும். ஆளுக்கொரு துப்பாக்கி தேவையில்லை. ஓர் ஊருக்கு இரண்டு மூன்று பேர், நிதானமான வயதுள்ளவர்கள், குடிப் பழக்கம் இல்லாதவர்கள், வனத்துறையிடம் பயிற்சி பெற்றவர்கள் இருந்தால் போதும். அரைக் காணி வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கிப் புதுப்பித்துக் கொண்டிருக்கும் செலவும் மிச்சம்.

இன்னொன்றையும் கலெக்டர்கள் கவனிக்க வேண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2021-இல் தேர்தல் அறிவிப்பு பிப்ரவரி 26-இல் வந்தது. 2024-இல் மார்ச் 16-இல் வந்தது. இரண்டும் பிசான நெல் கதிர் சாயும், அறுவடை நடக்கும் சமயம். சந்தேகப்பட இடமில்லாத பயிர்க்காவல் லைசென்ஸ்தாரர்களை ஆராய்ந்து விலக்கு அளிக்க மாவட்ட அளவில் குழு இருக்கிறது. விலக்கு வேண்டும் என்போர் அறிவிப்பு வந்த அன்றே, சாகுபடி அடங்கலின் நகலோடும் லைசென்ஸ் நகலோடும் அந்தக் குழுவுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.