மேல் அறை ஏன் குளிர்கிறது?

ரொறன்ரோவில் ஜனவரி பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரே புகார்தான்: கீழே வியர்க்கிறது, கராஜுக்கு மேலே உள்ள அறையில் போர்வைக்குள்ளும் நடுக்கம். பழி உடனே ஃபேர்னஸ் மீது விழும். விற்க வருபவர் இன்னும் பெரியது ஒன்றைப் போடச் சொல்வார். பல வீடுகளில் குறை அந்தப் பெட்டியில் இல்லை. காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்களில் இருக்கிறது. அடைபட்ட குழாயோடு பெரிய ஃபேர்னஸைப் பூட்டினால், சூடு வெளியேற வழியின்றி அது அடிக்கடி தானாக நின்றுபோகும்.

ஃபேர்னஸ் வீட்டுக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, சூடாக்கி, திருப்பி அனுப்புகிறது. ஆகவே போகும் குழாயைப் போலவே திரும்பிவரும் குழாயும் முக்கியம். நம்மவர்கள் மறப்பது இதைத்தான். காற்றை உள்ளிழுக்கும் சுவர்வாய்க்கு முன்னால் சோபாவைப் போட்டுவிடுவோம். தனக்கென அப்படியொரு வாய் இல்லாத அறையின் கதவை இறுக்கிச் சாத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. புதுச் சூடும் நுழையாது. ஓர் இரவு கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். அறை சூடானால், கதவின் அடியைக் கொஞ்சம் அறுத்து இடைவெளி விட்டாலே பெரும்பாலும் போதும்.

அடுத்து ஃபேர்னஸின் வடிகட்டி: வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒளி தெரியாவிட்டால் மாற்றுங்கள். பிறகு கிளைக் குழாயில் உள்ள சிறு கைப்பிடி. குழாயின் நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கோடையில் ஏசிக்காகத் திருப்பி, அப்படியே மறந்துபோன கைப்பிடிகள் ஏராளம்.

இனி ஒழுக்கு. சாதாரண வீட்டில் குழாய்க்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வழியிலேயே வீணாவதாக அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் கணக்கிடுகிறது. இதைப் பிடிக்கச் சாமியறை ஊதுபத்தியே போதும். விசிறியை மட்டும் ஓடவிட்டு, பேஸ்மென்ற்றில் பெரிய குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்திலும், வளைவுகளிலும் மெதுவாகக் காட்டுங்கள். போகும் குழாயில் ஓட்டையிருந்தால் புகை சிதறும். திரும்பும் குழாயில் இருந்தால் உள்ளே இழுபடும். ஒழுக்கைக் கண்ட இடத்தைத் தூசி போகத் துடைத்து, ஆடும் மூட்டுக்குத் திருகாணி முடுக்கி, மாஸ்ரிக் பசையைத் தடிப்பாகப் பூசுங்கள். சாம்பல் நிறத் துணி ரேப் வேண்டாம். பெயரே 'டக்ட் ரேப்' என்றாலும், 1998இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம் சோதித்தபோது சூட்டில் தோற்றது அதுதான்.

பழைய வீட்டுக் குழாய் மூட்டுகளில் வெள்ளைத் துணிபோல ஏதேனும் சுற்றியிருந்தால் கைவைக்காதீர்கள். அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் திரும்பும் குழாய் ஒழுகினால், புகைபோக்கியால் போகவேண்டிய கார்பன் மோனொக்சைட்டை வீட்டுக்குள் இழுத்துவிடவும் கூடும். அங்கே உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளிதான் வேண்டும். கராஜ் கூரைக்குள் போதிய காப்புப்பஞ்சு இல்லாமல் ஓடும் குழாயும், கூரையைத் திறந்து பார்க்கவேண்டியதால், அவரைப் போன்றவருக்கே உரிய வேலை. வருபவரிடம் குழாயின் காற்றழுத்தத்தை அளந்தாரா என்று கேளுங்கள். அளக்காமலே புது ஃபேர்னஸுக்கு விலை எழுதித் தந்தால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.