அளவெடுத்தவர்களே, சட்டை எங்கே?

அளவெடுப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்திரண்டு வருஷமாக இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறவள் நான். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடை. மே மாதம் வந்தால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி மலைபோலக் குவியும். ஒல்லிப் பிள்ளையை அளந்திருக்கிறேன், குண்டுப் பிள்ளையை அளந்திருக்கிறேன், ஒரு தோள் தாழ்ந்த பிள்ளையையும் அளந்திருக்கிறேன். அளந்து முடித்துவிட்டு, "உன் அளவுக்குச் சட்டை கிடையாது, போ" என்று ஒரு பிள்ளையையும் படியிறக்கியதில்லை.

என் பிள்ளையைப் படியிறக்கினார்கள்.

அப்போது அவனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிய இங்கிலீஷ் மீடியம். ஒருநாள் பெரிய மேடம் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க பையன் சொன்னா புரிஞ்சிக்க மாட்டேங்கிறான். ஒரு ஐக்யூ டெஸ்ட் எடுத்துட்டு வந்துருங்கம்மா. சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்றார். எங்கே எடுப்பது என்றும் அவரே எழுதிக் கொடுத்தார். 1,800 ரூபாய். ஆறு பினாஃபோர் தைத்தால் வருகிற காசு.

அந்த அறை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மூலையில் கடகடவென்று ஒரு ஃபேன். மேஜைமேல் வண்ணக் கட்டைகள், அட்டைகள். என்னைப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. கட்டைகளை அடுக்கச் சொன்னபோது என் பிள்ளை மடமடவென்று அடுக்கினான். பிறகு சோதனை எடுத்த அம்மா எண்களைச் சொல்லி, அதேபோல் திருப்பிச் சொல்லச் சொன்னார். "ஃபைவ், டூ, நைன்" என்றார். இவன் "நைன், டூ, நைன்" என்றான். அவர் குனிந்து எழுதினார். குனிந்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டார். இவன் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, அவர் முகத்தையே பார்த்தான். முகம் காகிதத்தில் இருந்தது. பதில் வரவில்லை. ஒரு பூஜ்யம். மறுபடி குனிந்தார். மறுபடி பூஜ்யம்.

பிள்ளை வெட்கப்படுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். பாவி நான்.

நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. 71. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. என் மூத்தவள் படித்துச் சொன்னாள்: "எல்லைக்கோட்டு நிலைன்னு போட்டிருக்கும்மா." எந்த எல்லை? யார் போட்ட கோடு? கேட்க எனக்குத் தெரியவில்லை. பெரிய மேடம் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பல்வலிக்கு மாத்திரை சொல்வது மாதிரி சொன்னார்: "இந்த சிலபஸ் இவனுக்குச் செட் ஆகாது. டி.சி. வாங்கிக்குங்க. நீங்களாவே கேட்ட மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துருங்க."

எழுதிக் கொடுத்தேன். என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில், எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவு இருப்பது எனக்குத் தெரியாது. சேர்க்கும்போதே பிள்ளையைச் சலித்துப் பார்த்தால் முதல் தடவைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் என்று 13ஆம் பிரிவு இருப்பதும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கடிதத்தை என்னிடம் கேட்டு வாங்கினார்கள்.

சரி, பிள்ளைக்குக் குறை என்றால் சர்க்கார் உதவுமே என்று ஓடினேன். அங்கேயும் அதே 71 என் முன்னால் வந்து நின்றது. எழுபதுக்குக் கீழே வந்தால்தானாம் அறிவுசார் குறைபாடு. சலுகை வேண்டுமென்றால் 40 விழுக்காடு ஊனம் என்று சான்றிதழ் இருக்க வேண்டுமாம். "ஒரு பாயின்ட் அதிகமா இருக்கேம்மா" என்றார் அந்த அலுவலர், என்னவோ லாட்டரியில் ஒரு நம்பர் தவறிப்போன மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு என் பிள்ளை குறைச்சல். சர்க்காருக்கு என் பிள்ளை அதிகம். இந்தச் சோதனையில் ஐந்து புள்ளி இப்படியும் அப்படியும் போவது சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படியானால் 71 என்பது 66ஆகவும் இருக்கலாம், 76ஆகவும் இருக்கலாம். நான் அரை இஞ்ச் பிசகினால் துணியைத் திருப்பி மூஞ்சியில் எறிவீர்களே, இந்த ஐந்து புள்ளிக்கு யார் பதில் சொல்வது?

ஊர்க் கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அதற்குள் "மக்கு" என்ற பெயர் தெருவெல்லாம் பரவிவிட்டது. ஒருநாள் ராத்திரி, மிஷினில் உட்கார்ந்திருந்த என் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "அம்மா, நான் மக்காம்மா?" உலகத்தில் பாதிப் பேச்சு எட்டாத பிள்ளைக்கு அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாக எட்டியிருந்தது.

ஆமாம், எட்டாத பிள்ளைதான். அதைக் கண்டுபிடித்தது டெஸ்ட் இல்லை. அந்தக் கவர்மென்ட் பள்ளி டீச்சர். சேர்ந்து ஒன்றரை மாசத்தில் கடைக்கே வந்துவிட்டார். "அக்கா, நான் போர்டுல எழுதிக்கிட்டே பேசுனா இவனுக்கு ஒண்ணும் ஏறல. முகத்தைப் பாத்துப் பேசுனா டக்குனு சொல்றான். பின்னால நின்னு கையைத் தட்டிப் பாத்தேன், திரும்பல. காதைப் பாருங்கக்கா."

ஒரு கைதட்டல். காசா, பணமா?

மதுரைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு காதிலும் ஜவ்வில் ஓட்டை, இடது காதில் ரொம்ப மோசம் என்றார் டாக்டர். குழந்தையிலிருந்தே சளி பிடிக்கும்போதெல்லாம் காதில் சீழ் வடிந்திருக்கிறது. தலையணை உறையில் மஞ்சள் கறை இருக்கும். நான் துவைத்துப் போடுவேன். எண்ணெய் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை யார் தலையிலும் கட்டப்போவதில்லை. ஆனால் நான் தையல்காரி. பிள்ளையின் புத்தியை அளக்கப் படித்தவர்கள், அளப்பதற்கு முன்னால் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டாமா? அவனுக்கு எந்த மொழி வரும் என்று கேட்க வேண்டாமா? ஃபைவுக்கும் நைனுக்கும் வித்தியாசம் தெரியாதது அவன் மூளையா, காதா, அந்த ஃபேனா?

என் மூத்தவள் பி.எட். படிக்கிறாள். தம்பிக்கு நடந்தது அவளுக்கும் ஆறவில்லை. இந்தச் சோதனையின் பூர்வீகத்தைத் தேடித் தேடிப் படித்து ராத்திரி எனக்குச் சொல்வாள். முதலில் செய்தவர் பாரிஸ் நகரத்து ஆல்ஃபிரட் பினே. 1905ஆம் வருஷம், தியோடர் சிமோன் என்பவரோடு சேர்ந்து. பள்ளியில் பின்தங்குகிற பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்குத் தனியாகக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. புத்தி என்பது கூட்டவே முடியாத ஒரு அளவு என்று பேசியவர்களோடு அவர் சண்டை போட்டிருக்கிறார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தை வளர்க்கப் பயிற்சிகள்கூட வகுத்திருக்கிறார். 1911இல் செத்துப்போனார். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. மனுஷன் நம்ம ஜாதி. தைப்பதற்காக அளந்தவர்.

கப்பலேறி அமெரிக்கா போன பிறகு அதே டேப் என்ன செய்தது தெரியுமா? வர்ஜீனியாவில் கேரி பக் என்று ஓர் ஏழைப் பெண். வளர்த்த வீட்டாரின் உறவுக்காரன் ஒருவன் கெடுத்ததில் கர்ப்பமானாள். வெளியே தெரிந்தால் அவமானம் என்று அவளைப் புத்தி குறைந்தவர்களின் விடுதியில் தள்ளினார்கள். சோதனை வைத்து, இவளுடைய மனவயது ஒன்பது என்றார்கள். அவள் அம்மாவுக்கு எட்டுகூட இல்லை என்றார்கள். அவள் பெற்ற ஏழு மாதக் குழந்தையைப் பார்த்து, இதுவும் என்னவோ சரியில்லை என்றார்கள். ஏழு மாதக் குழந்தை! 1927இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே, இவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடலாம் என்று தீர்ப்பு எழுதியது. செய்தும்விட்டார்கள். அந்தக் குழந்தை விவியன் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் பட்டியலில் பெயர் வாங்கினாள், எட்டு வயதில் நோய் வந்து செத்தாள். மூத்தவள் இதைச் சொல்லி முடித்த ராத்திரி நான் சோறு தின்னவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் சில கறுப்பினப் பெற்றோர், இந்தச் சோதனையை வைத்து எங்கள் பிள்ளைகளை மந்தபுத்தி வகுப்பில் தள்ளிவிட்டார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அதே பிள்ளைகளை, அவர்கள் பேச்சும் வாழ்க்கையும் தெரிந்த கறுப்பின உளவியலாளர்கள் மறுபடி சோதித்தபோது மார்க் ஏறியிருந்தது. 1979இல் பெக்கம் என்கிற நீதிபதி, கறுப்பினப் பிள்ளைகளை அந்த வகுப்புகளுக்கு அனுப்ப இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தார். அவர்களுக்கு வக்கீல் இருந்தார், சங்கம் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு வெள்ளைத் தாளும், அதில் என் கையெழுத்தும்.

காது ஆபரேஷன் ஆனது. இடது காதுக்கு மிஷின் வைத்தோம். இரண்டு வருஷம் கழித்து, வேறோர் ஊரில், தமிழ் பேசுகிற ஒரு தம்பி மறுபடி சோதித்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டார், காத்திருந்தார். 94 வந்தது. அந்த 94ஐ மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் போய், பெரிய மேடம் மூஞ்சியில் வீச வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என்மேலேயே எனக்கு ஆத்திரம். 71 வந்தபோது, ஒரு நம்பரா என் பிள்ளை என்று கத்தியவள், 94 வந்ததும் அதே நம்பரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேனே! எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். அவளுக்கு 58. காது நன்றாகக் கேட்கும், கண் நன்றாகத் தெரியும், சோதனையிலும் தப்பில்லை. அவளை மட்டும் படியிறக்கலாமா? என் பிள்ளைக்கு நடந்தது அநியாயம் என்று நான் சொல்வது அளவு தப்பானதால் மட்டும் என்றால், அவளுக்கு நடப்பதை நியாயம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். இல்லை. அளவு சரியாகவே இருந்தாலும் அநியாயம் அநியாயம்தான். ஒரு தோள் தாழ்ந்த பிள்ளைக்கு அந்தத் தோளுக்குத் தக்கபடி வெட்டத்தானே டேப்?

இப்போது கடைக்கு வருகிற பெண்கள் கேட்கிறார்கள்: "அக்கா, எம்புள்ளைக்கு அந்த டெஸ்ட் எடுக்கலாமா?" போனில் ஏதோ விளையாட்டு மாதிரி சோதனை எழுதி, பிள்ளைக்கு 138 வந்திருக்கிறது, சர்ட்டிபிகேட்டுக்குக் காசு கேட்கிறான் என்று ஒருத்தி பெருமையாகக் காட்டினாள். அந்தக் காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடு என்றேன். பிள்ளைக்கு நிஜமாகவே எழுத்து பிடிபடவில்லை, கணக்கு ஏறவில்லை என்று வருகிறவளிடம், எடுக்காதே என்று நான் சொல்வதில்லை. முதலில் காதைப் பார், கண்ணைப் பார். பிள்ளை பேசுகிற மொழியில் எடுக்கிறார்களா என்று கேள். இந்த நம்பர் வந்த பிறகு என் பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேள். தனியாகச் சொல்லித் தருவோம், இந்தப் பயிற்சி கொடுப்போம், சிறப்பு ஆசிரியர் வருவார் என்று பதில் வந்தால் எடு. பதிலுக்கு மோட்டுவளையைப் பார்த்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வா. மறந்தும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அந்தப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் இன்னும் என் கடைக்குத்தான் வருகிறது. வயிறு இருக்கிறதே, தைக்கத்தான் வேண்டும். தாய்மார்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்கள்: "உள்ளே ரெண்டு இஞ்ச் விட்டுத் தைங்கக்கா, வளர்ற பிள்ளை." விட்டுத்தான் தைக்கிறேன். கை ஓரத்தில் ஓர் இஞ்ச், கீழ் மடிப்பில் ரெண்டு இஞ்ச். ஏழு வயதுப் பிள்ளையின் அளவு ஏழு வயதோடு நின்றுபோகாது என்பது, எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாளுக்கும் தெரிகிறது. டிகிரி வாங்கி, டேப் பிடித்து, 71 என்று முத்திரை குத்தியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

போன வாரம் ஒரு குட்டிப் பெண்ணுக்கு அதே பள்ளி பினாஃபோரைத் தைத்து முடித்தேன். மடிப்பை ஊசியால் லேசாகத்தான் பிடித்திருக்கிறேன், இழுத்தால் வந்துவிடும். துணி உள்ளே இருக்கிறது. பிரித்துவிட அங்கே யாருக்காவது மனசு வர வேண்டும்.