பெட்டியில் அச்சிடாத தேதி

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா தன் போனை நீட்டினார். "போன் நல்லாத்தான்டா இருக்கு, மணியடிச்சாதான் காதுல விழ மாட்டேங்குது." ஒலியைக் கூட்டிவிட்டு, கையோடு செட்டிங்ஸில் 'போனைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு இரண்டரை ஆண்டுக்கு முந்தைய தேதியில் நின்றிருந்தது. புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று அப்டேட் பொத்தானை அழுத்தினேன். சில நொடி சுற்றிவிட்டு, 'உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்றது.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. எல்லாம் சரியாக இருந்தாலும் இதே வாசகம். இனி எதுவும் வராது என்றாலும் இதே வாசகம். தயாரித்த நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டு இரண்டரை ஆண்டாகிறது. அதை வைத்திருப்பவரிடம் சொல்ல அந்தத் திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

அது நான் வாங்கிய போன். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கி, இரண்டு ஆண்டு வைத்திருந்து, புதியது வாங்கியபோது அம்மாவுக்குக் கொடுத்தேன். அவருடைய ஓய்வூதியக் கணக்கோடு இணைந்த எண் அதில்தான் இருக்கிறது. ஓடிபி அதில்தான் வருகிறது. மளிகைக் கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அதிலிருந்துதான் பணம் அனுப்புகிறார். நம் வீடுகளில் போன் இப்படித்தான் கைமாறுகிறது. சம்பாதிக்கிறவர் புதியது வாங்குவார். பழையது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போகும். அங்கிருந்து ஊரில் இருக்கும் சித்திக்கோ வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்கோ போகும். கை மாறமாற போனின் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகிறது. பணம் பறிபோனால் தாங்கிக்கொள்ளும் சக்தி யாருக்கு மிகக் குறைவோ, அவர் கையில்தான் அது கடைசியில் போய்ச் சேர்கிறது.

புதிய போன் வெளியீடுகளை நான் விருப்பத்தோடு கவனித்து வருபவன். கேமராவும் திரையும் பத்தாண்டுகளில் அடைந்திருக்கும் வளர்ச்சி உண்மையிலேயே வியப்பூட்டுவது. ஆனால் அந்த மேடைகளில் நெடுங்காலம் பேசப்படாமலே இருந்த ஒரு விஷயம், இந்த போனுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்பது. 2023 அக்டோபரில் பிக்சல் 8 வெளியானபோது ஏழு ஆண்டு தருவதாக கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதே ஏழு ஆண்டைச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், இருபதாயிரம் ரூபாய்க்குள் விற்ற கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு ஆறு ஆண்டு என்றது. இந்த மூன்றாவது அறிவிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலை குறைந்த போனுக்கு நீண்ட காலம் புதுப்பிப்பு தருவது கட்டுப்படியாகாது என்று தொழில்துறை சொல்லிவந்த காரணம் அன்றோடு பலவீனப்பட்டுவிட்டது. இருபதாயிரத்தில் ஆறு ஆண்டு முடியும் என்றால், பத்தாயிரத்தில் நான்கு ஆண்டாவது முடிய வேண்டும்.

இந்த ஆண்டுக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாம் வாங்கிய நாளிலிருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அந்த மாடல் முதன்முதலில் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். மூன்று ஆண்டு வாக்குறுதி உள்ள மாடலை, அது வெளியாகி ஒன்றரை ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்குகிறவருக்கு மிஞ்சுவது ஒன்றரை ஆண்டுதான். போன மாடலின் விலை குறையட்டும் என்று காத்திருந்து வாங்குவது நம் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கம். அந்தச் சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை எங்கேயும் எழுதப்படாமல் போகிறது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். "தம்பி, இதுக்கு செக்யூரிட்டி அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?"

"அதெல்லாம் வந்துக்கிட்டே இருக்கும் சார். பேட்டரி பாருங்க, ஆறாயிரம் எம்ஏஎச்."

அந்த இளைஞரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஐஎம்இஐ எண், கதிர்வீச்சு அளவு எல்லாம் இருந்தன. நான் தேடிய தேதி இல்லை.

இந்தத் தேதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். 2015 ஜூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்டில் வீடியோக்களைப் படித்துக் காட்டும் நிரல் பகுதியின் பெயர் அது. தீய நோக்கத்தோடு தயாரித்த ஒரு வீடியோவை எம்எம்எஸ்ஸாக அனுப்பினால் போதும். போனின் சொந்தக்காரர் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. கண்டுபிடித்த சிம்பீரியம் நிறுவனம், ஏறத்தாழ 95 கோடி கருவிகளில் இந்த ஓட்டை இருப்பதாக மதிப்பிட்டது. அடுத்த மாதமே, பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் வெளியிடும் முறையை கூகுள் தொடங்கியது. செட்டிங்ஸில் நாம் பார்க்கும் தேதி அந்த முறையிலிருந்து பிறந்தது.

கூகுள் திருத்தத்தை எழுதிவிடுவதோடு வேலை முடிவதில்லை. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் பகுதியைத் திருத்த வேண்டும். பிறகு போன் நிறுவனம், தான் மாற்றியமைத்த ஆண்ட்ராய்டில் இவற்றையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு மாடலிலும் சோதித்து அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு இருபது, முப்பது மாடல் வெளியிடும் நிறுவனத்துக்கு இது பெரிய வேலை. விற்றுத் தீர்ந்த மாடலால் புதிய வருமானமும் இல்லை. எனவே பொறியாளர்கள் அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறார்கள்.

அதே நேரம் கூகுளின் மாத அறிக்கையும் திருத்தங்களின் நிரலும் எல்லோர் பார்வைக்கும் வருகின்றன. எதைத் திருத்தினார்கள் என்று பார்த்தால் எது உடைந்திருந்தது என்று தெரிந்துவிடும். இன்ன வகைப் பூட்டு எளிதில் திறக்கும் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, பூட்டை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்தது போன்ற நிலை இது. அம்மாவின் போனில் இந்த இரண்டரை ஆண்டில் எதுவும் மாறவில்லை. ஆனால் அதைத் திறக்கும் வழிகள் மாதாமாதம் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

இது வெறும் கற்பனை அச்சம் என்று நினைப்பவர்கள் 2019இல் நடந்ததைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில், பைண்டர் என்ற பகுதியில் இருந்த ஒரு பிழை 2017 இறுதியிலேயே தெரிய வந்து, 2018 தொடக்கத்தில் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் பல போன்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. 2019 அக்டோபரில், யாரோ அந்தப் பழைய ஓட்டையை வைத்து உண்மையான தாக்குதல் நடத்துவதாக கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஜீரோ அறிவித்தது. பாதிப்புக்குள்ளாகும் மாடல்கள் என்று அந்தக் குழு தந்த பட்டியலில் கூகுளின் பிக்சல் 2 இருந்தது. சாம்சங்கின் எஸ்7, எஸ்8, எஸ்9 இருந்தன. நம் ஊரில் வீட்டுக்கு வீடு புழங்கிய ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 ஆகியவையும் இருந்தன. மருந்து கண்டுபிடித்து ஒன்றரை ஆண்டாகியும் நோயாளிக்குக் கிடைக்கவில்லை.

செட்டிங்ஸில் தெரியும் தேதியைக்கூட முழுதாக நம்ப முடியாத காலம் ஒன்று இருந்தது. பெர்லினைச் சேர்ந்த எஸ்ஆர் லேப்ஸ் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட போன்களின் மென்பொருளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதிய தேதியைக் காட்டிய சில போன்களில் அந்தத் தேதிக்குரிய திருத்தங்கள் உள்ளே இல்லை. 2017இல் வந்து ஆண்ட்ராய்டைச் சிப்புக்குரிய நிரலிலிருந்து பிரித்த பிராஜெக்ட் டிரெபிள், 2019இல் ஆண்ட்ராய்டு 10உடன் வந்து சில திருத்தங்களை பிளே ஸ்டோர் வழியாகவே நேராக அனுப்பும் மெயின்லைன் ஆகியவை நிலைமையைக் கணிசமாக முன்னேற்றியிருக்கின்றன. கெர்னலுக்கும் சிப்புக்கும் உரிய திருத்தங்கள் மட்டும் இன்றும் போன் நிறுவனத்தின் கையை எதிர்பார்த்துத்தான் நிற்கின்றன.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. நம் மக்கள் பணம் இழப்பது பெரும்பாலும் இத்தகைய நுட்பமான ஓட்டைகளாலா? இல்லை. 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் அழைப்புகளால் இழக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் தொட்டு இழக்கிறார்கள். புதிய போனானாலும் சொந்தக்காரரே அனுமதி கொடுத்தால் என்ன செய்ய முடியும் என்று மறுப்பவர்கள் கேட்கிறார்கள்.

பாதி உண்மை. மறுபாதியைக் கவனியுங்கள். இத்தகைய ஏபிகே செயலிகளில் பல, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவான 'அணுகல்தன்மை' வசதியைக் கேட்டுவாங்கி, அதன் வழியே திரையைப் படிக்கின்றன. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு அந்த அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி ஒரு தடை போட்டது. அந்தத் தடையைத் தாண்டவும் வழி கண்டுபிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவசரத்தில் விரல் தொடும் அந்தக் கணத்தில் ஒரு வேலி குறுக்கே நிற்கிறது. அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 11இல் நின்றுவிட்டது. அங்கே அந்த வேலி இல்லை. ஏமாற்றுக்காரரின் பேச்சும் போனின் பழமையும் வேறு வேறு பிரச்சினைகள் என்று பிரித்துப் பார்ப்பது பாதிக்கப்படுகிறவருக்கு உதவாது.

புதுப்பிப்பு வந்தாலும் போடத் தயங்குகிறவர்கள் ஏராளம். 'அப்டேட் போட்டா போன் ஸ்லோவாயிடும்' என்று என் தம்பி இன்றும் சொல்கிறான். அறியாமை என்று இதை ஒதுக்க எனக்கு மனமில்லை. பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2018இல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், புதுப்பிப்புகளால் பழைய போன்கள் தடுமாறியதற்காக ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. புதிய தோற்றம், புதிய வசதி, கூடவே நாம் கேட்காத செயலிகள் என்று எல்லாவற்றையும் பாதுகாப்புத் திருத்தத்தோடு ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியதால் வந்த அவநம்பிக்கை இது. பாதுகாப்பு மட்டும் போதும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு இருக்க வேண்டும்.

பழைய போனைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதும் உண்மையில்லை. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ், 2023 ஜனவரியில் ஐஓஎஸ் 12.5.7 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பைப் பெற்றது. 2015இல் வந்த ஃபேர்போன் 2, நெதர்லாந்தின் ஒரு சிறு நிறுவனத்தின் தயாரிப்பு. சிப் நிறுவனம் கைவிட்ட பிறகும் 2023 வரை அதைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். சிறிய நிறுவனத்தால் செய்ய முடிந்ததைச் சந்தையில் முதல் வரிசையில் நிற்கும் நிறுவனங்கள் செய்யாமலிருப்பதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது: யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நுகர்வோர் தனியே வழக்காடி இதைப் பெறுவது கடினம். நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 2016இல் சாம்சங்மீது வழக்குத் தொடுத்தது; 2018இல் ஹேக் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிறகு சட்டங்கள் வந்தன. இணையத்தோடு இணையும் கருவிகளை விற்பவர்கள் குறைந்தபட்சப் பாதுகாப்புப் புதுப்பிப்புக் காலத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற பிரிட்டன் சட்டம் 2024 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் போன்களுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு புதுப்பிப்பு என்ற விதி வந்திருக்கிறது. அந்த ஐந்து ஆண்டை, மாடலின் கடைசி போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். தள்ளுபடியில் வாங்குபவரையும் காப்பது அந்தக் கணக்குதான்.

இந்தியாவிலும் வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. கதிர்வீச்சு அளவு கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது, அதை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012இல் வந்தது. எந்த நிறுவனமும் அதனால் கடையை மூடவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அளித்த பழுதுநீக்கத் தரக் குறியீட்டு அறிக்கையில் மென்பொருள் புதுப்பிப்பும் ஓர் அளவுகோலாக இருக்கிறது. அதைச் சட்டமாக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில், அரசின் சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய போன்கள் எல்லாவற்றிலும் முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3 அன்று விலக்கிக்கொண்டது. மக்களின் போனுக்குள் ஒரு செயலியை வைக்க அத்தனை முனைப்புக் காட்டிய அரசு, 'இந்த மாதம், இந்த ஆண்டு வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு' என்ற ஒரு வரியைப் பெட்டியின் மேல் அச்சிடச் சொல்லியிருந்தால் நான் மனமாரப் பாராட்டியிருப்பேன். காலம் முடிந்த போன், 'இனி இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது' என்று அதன் உரிமையாளருக்குத் தமிழிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். பல் துலக்கும் பசையை எது வரை பயன்படுத்தலாம் என்று அறிய முடிகிற எனக்கு, பணம் புழங்கும் கருவியைப் பற்றி அதே தகவல் கிடைக்க வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள், புதுப்பிப்புக் காலத்தை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்த்து, எளிய போன் ஒன்றை அம்மாவுக்கு வாங்கினேன். வங்கி எண் உள்ள சிம்மை அதற்கு மாற்றினேன். யுபிஐ செயலியைப் பழையதிலிருந்து நீக்கினேன். "இது நல்லாத்தானே ஓடுது, எதுக்குடா காசைக் கரியாக்குற?" என்று அம்மா கேட்டார். அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் ஆண்டையும் மாதத்தையும் எழுதி, பீரோவில் கேஸ் புத்தகத்தோடு வைத்துவிட்டு வந்தேன். பழைய போனில் இப்போது சிம் இல்லை. மாலையில் சமையலறை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்து, பென் டிரைவிலிருந்து ஏற்றிக் கொடுத்த பாட்டுகளை அதில் கேட்கிறார்.