எலுவன்குளத்துக்கு ஏன் ஒரு நூதனசாலை இல்லை?

எலுவன்குளத்தில் ஒரு தேநீர்க் கடையில் சில ஆண்டுகளுக்கு முன் அமர்ந்திருந்தேன். பாடசாலைச் சீருடையில் வந்த சிறுவன் ஒருவனிடம், "தம்பி, பொம்பரிப்புத் தாழிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீரா?" என்று கேட்டேன். "தாழி என்றால் என்ன சேர்?" என்றான். கடைக்கார ஐயா இடைமறித்து, "பொம்பரிப்பில் யானை பார்க்கலாம். தாழி கீழி ஒன்றும் அங்கே இல்லை" என்றார்.

இருவர் மீதும் எனக்குக் குறையில்லை. இல்லாத ஒன்றை அவர்கள் எப்படிக் கண்டிருக்க முடியும்? குறை வேறிடத்தில் இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பழைய வீதி எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடக்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கினால் மட்டுமே ஊரின் பெயர் செய்தித்தாளில் வரும். ஆற்றுக்கு அப்பால் வில்பத்து தேசிய சரணாலயம். அதனுள்ளே, சில கிலோமீற்றர் வடக்கில், இலங்கையின் முக்கியமான ஆதி இரும்புக்கால ஈமக்காடுகளில் ஒன்றான பொம்பரிப்பு கிடக்கிறது. நிலத்தின் மேல் கல்வட்டமோ குறியோ இல்லை. பெரிய மண் தாழிகளில் இறந்தோரின் எலும்புகளைச் சேர்த்து, கறுப்பு-சிவப்பு மட்கலங்களைத் துணைவைத்துப் புதைத்திருக்கிறார்கள். ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்ததும் உண்டு. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இந்தக் கரையில் வாழ்ந்து மாண்ட மனிதர்கள் அவர்கள்.

1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஏ. எம். ஹோகார்ட் அங்கே அகழ்ந்தார். 1956, 1957ஆம் ஆண்டுகளில் பி. ஈ. பி. தெரணியகல அகழ்ந்தார். அப்போது அவர் தேசிய நூதனசாலைத் திணைக்களத்தின் பணிப்பாளர். 1970இல் விமலா பெக்லி தலைமையிலான குழு அகழ்ந்தது. அறிக்கைகள் வந்தன, ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டினார்கள். ஆனால், நூதனசாலைகளின் தலைவரே நேரில் வந்து மண்வெட்டி போட்ட ஊருக்கு ஒரு நூதனசாலை கிடைக்கவில்லை. ஒரு மண்டபம், ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

கலா ஓயாவின் மேற்பகுதிக்குப் போய்ப் பாருங்கள். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் அதே இரும்புக்காலத்தின் கல்லறைகள் உள்ளன. அவை முறையாக அகழப்பட்டன, கூரை போடப்பட்டது, பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நல்ல காரியம், மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரே ஆற்றுப் படுகையின் மேல்முனையில் புதைந்தவர்களுக்குக் கூரை, கீழ்முனையில் புதைந்தவர்களுக்குக் காடு என்பது என்ன நியாயம்? தம்புள்ளை உல்லாசப் பயணிகளின் பாதையில் இருக்கிறது, எலுவன்குளம் இல்லை என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையிலும் ஒரு பாடம் இருக்கிறது. பொம்பரிப்புத் தாழிகளோடு எப்போதும் ஒப்பிடப்படும் ஆதிச்சநல்லூரில், 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அகழ்ந்தெடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூருக்குப் போயின. ஊருக்கு மிஞ்சியது மேடு மட்டும். அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், எழுதினார்கள், வழக்காடினார்கள். 2023 ஓகஸ்டில், அகழ்ந்த குழியின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காண வழி செய்யப்பட்டது. அருங்காட்சியகத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. முதல் அகழ்விலிருந்து 147 ஆண்டுகள்! நாமும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?

கொழும்புத் தேசிய நூதனசாலை 1877இல் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் திறக்கப்பட்டது. அதன் பின் திணைக்களம் கண்டி, காலி, இரத்தினபுரி, அனுராதபுரம் என்று கிளை விட்டது. புத்தளம் அந்தப் பட்டியலில் இல்லை. புத்தளத்தாருக்குக் காட்ட எதுவும் இல்லை என்று யாராவது நினைத்தார்களா?

1344இல் இப்னு பத்தூத்தா கரையிறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தியை அவர் சந்தித்ததும் அங்கேதான். 1834இல் இலங்கை கசற்றியரை வெளியிட்டவரும், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளை ஆங்கிலத்தில் நூலாக்கியவருமான சைமன் காசிச்செட்டி பிறந்தது கற்பிட்டியில். சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினர் தம் மஞ்சாப் பாடல்களை இன்றும் பாடுகிறார்கள். உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள். வில்பத்துக் காட்டுக்குள் பள்ளேகண்டல் அந்தோனியார் கோவிலுக்கு யாத்திரிகர்கள் எலுவன்குளத்தைத் தாண்டியே போகிறார்கள். உப்பளம், முத்துச் சலாபம், களப்பு மீன்பிடி ஆகியவற்றை நான் இன்னும் தொடவேயில்லை.

இனி, என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். இளம் பத்திரிகையாளனாக இருந்த காலத்தில் பொம்பரிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். தாழிகள் ஆதிச்சநல்லூரில் உள்ளவற்றைப் போல இருக்கின்றன, ஆகவே அவை தமிழருடையவை, ஆகவே இந்த மண் தமிழருடையது. மூன்றே வரிகளில் முடிந்த தர்க்கம். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரே ஒரு கடிதத்தில் மட்டும், "நீங்கள் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் பார்த்திருக்கவில்லை. கொழும்பு மேசையில் இருந்து எழுதியது அது. இன்றுவரை அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை.

மறுபுறத்தில், விஜயன் இறங்கியதும் குவேனி ஆண்டதும் இந்தக் கரையில்தான் என்று குதிரைமலையில் கைகாட்டுவோரின் தர்க்கமும் இதே வகையானதே. இரு தரப்பும் தாழியைத் திறப்பதில்லை. அதன் மேல் ஏறி நின்று பேசுகின்றன. இலங்கையின் சிங்களவரும் தமிழரும் இந்த நாட்டின் ஆதிக் குடிகளிலிருந்து காலப்போக்கில் இரு இனக்குழுக்களாக உருவானவர்கள் என்று பேராசிரியர் கா. இந்திரபாலா தம் பிற்கால நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். அதைப் படித்த பின்னும் தாழிக்கு இனப்பட்டம் கட்டுவது படிப்பாகாது.

ஆகவே, எலுவன்குளத்தில் நூதனசாலை அமைந்தால், தாழியின் கீழே எழுதப்பட வேண்டியவை நான்கு மட்டுமே: எங்கே கிடைத்தது, எப்போது, யார் எடுத்தார்கள், உள்ளே என்ன இருந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே அளவு எழுத்தில். "யாருடையது" என்ற வரி வேண்டாம்.

இன்னொரு பெட்டியும் அங்கே இருக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினருக்கு இடம் கொடுத்தது புத்தளம் மாவட்டம். அவர்கள் கொண்டுவந்த வீட்டுச் சாவியோ ஒரு கிடுகு ஓலையோ அந்தப் பெட்டியில் இருக்கட்டும். தமிழர்களாகிய நாம் தலைகுனிந்து பார்க்க வேண்டிய பெட்டி அது. பிரதேச வரலாறு என்றால் நமக்கு வசதியான வரலாறு மட்டுமா?

மறுப்புகளை அறிவேன். "காட்டுக்குள் கட்டடமா?" வேண்டவே வேண்டாம். வில்பத்தின் ஒரு மரத்தையும் தொடாமல், ஆற்றுக்குத் தெற்கே ஊருக்குள் கட்டலாம். "ஆள் வருவார்களா?" எலுவன்குளம் நுழைவாயிலால் சரணாலயம் பார்க்கப் போகிறவர்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்கும் அரைமணி நேரம் போதும். "அரும்பொருட்களுக்குப் பாதுகாப்பு?" முதலில் படங்களும், ஒரு தாழியின் மாதிரியும், ஓரிரு மட்கலங்களும் போதும். "பணம்?" ஒரு வாரத்தில் பிரித்தெடுக்கப்படும் தேசியக் கண்காட்சிகளுக்கு நாம் பணம் தேடிய கதை எல்லோருக்கும் தெரியும். 2014இல் 'தேசத்திற்கு மகுடம்' குளியாப்பிட்டியில் நடந்தபோது புத்தளமும் அதன் பங்காளி மாவட்டம். அது முடிந்தபின் எலுவன்குளத்துச் சிறுவனுக்கு மிஞ்சியது என்ன?

தொல்பொருள் திணைக்களம், நூதனசாலைத் திணைக்களம், வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகம் ஆகிய மூன்றும் ஒரு மேசையில் ஒரு நாள் அமர்ந்தால் போதும். அமரச் சொல்லி வற்புறுத்த வேண்டியவர்கள் புத்தளத்தின் மக்கள் பிரதிநிதிகள். எழுதி வற்புறுத்த வேண்டியவர்கள் நாங்கள்.

அன்று அந்தச் சிறுவனுக்குத் தாழியை விளக்க முயன்றேன். கடையின் நெல் போடும் பானையைக் காட்டி, "இதைவிடப் பெரியது" என்றேன். அவன் பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் அது இப்போது எங்கே சேர்?" என்று கேட்டான். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.