சாரல் அடித்தால் ஊட்டியா?

வீட்டிலேயே உருளைக்கிழங்கு வளர்க்கப் போகிறீர்களா? நல்லது. பை வாங்கக் கிளம்புமுன் இரண்டு நிமிஷம் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போங்கள்.

செல்போனைத் திறந்தால் இதே பாடம்தான். முளைவிட்ட கிழங்கை இரண்டாக வெட்டு, சாம்பலில் புரட்டு, பையில் புதை, தொண்ணூறாம் நாள் கவிழ்த்துக் கொட்டு. பந்து பந்தாகக் கிழங்கு உருண்டு வரும். பின்னணியில் புல்லாங்குழல். அந்தப் பை இருக்கிற ஊர் எது, மாதம் எது, ராத்திரி அங்கே எத்தனை டிகிரி? அதை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

மொட்டை மாடியைத் தவிர மண்ணே பார்க்காத சென்னைக்காரர் ஏமாந்தால் மன்னித்துவிடலாம். இலஞ்சிக்காரர் ஏமாறுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே, சிற்றாற்றங்கரையில், குமாரர் கோயிலும் வயலுமாக இருக்கிற ஊர். வீட்டுக்கு வீடு புறவாசல். மண்ணுக்குக் குறைவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. அங்கே போய் உருளைக்கிழங்குப் பையை வைத்துக்கொண்டு, "சாரல் அடிக்குதுல்லா அண்ணாச்சி, ஊட்டி மாதிரிதானே?" என்று கேட்டால் என்ன பதில் சொல்ல?

ஊட்டி மாதிரி இல்லை அண்ணாச்சி. ஊட்டி 2,200 மீட்டர் உயரம். இலஞ்சி 200 மீட்டர்கூட இல்லை. சாரல் உங்கள் உடம்புக்குக் குளிர்ச்சி. உருளைச் செடிக்கு அது வெறும் ஈரம். அந்தச் செடி பகலில் இலையில் மாவுச்சத்தைச் சேர்க்கும். ராத்திரி குளிர்ந்தால்தான் அதைக் கீழே இறக்கிக் கிழங்காகக் கட்டும். 15 முதல் 20 டிகிரி அதற்குத் தோதான ராத்திரி. ராத்திரி புழுங்கினால் சேர்த்ததை அதுவே செலவழித்துவிடும். மண் 30 டிகிரியைத் தொட்டால் கிழங்கு வைப்பதே ஏறக்குறைய நின்றுபோகும். இலையும் தண்டும் மட்டும் தளதளவென்று நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பலாம்.

"ஓசூர்ப் பக்கம் விளையுதே?" என்பீர்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர். "சூடு தாங்குற ரகம் வந்திருக்காமே?" வந்திருக்கிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த குஃப்ரி சூர்யா. அது மற்ற ரகங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும், அவ்வளவுதான். அதுவும் நீங்கள் புதைப்பது மளிகைக்கடைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்கை. அது என்ன ரகம், என்ன நோயோடு வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

விதைக்கிழங்கு விளையாட்டுச் சமாச்சாரமும் இல்லை. 1961-ல் நீலகிரியில் உருளை வேரைத் தின்னும் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். மண்ணோடும் கிழங்கோடும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும் ஜென்மம் அது. அதனாலேயே அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை போட்டார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடமாட்டேன். வயலில் இரண்டடிக்கு ஒரு வரிசை, வரிசைக்குள் முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக ஒரு செடி. ஹெக்டேருக்குச் சுமார் 83,000 செடி. இந்தியாவின் சராசரி மகசூல் ஹெக்டேருக்கு 25 டன் வாக்கில். வகுத்துப் பாருங்கள், செடிக்கு 300 கிராம். இது உத்தரப்பிரதேசக் குளிரையும் சேர்த்த சராசரி. வாரம் ஒரு கிலோ சாப்பிடுகிற வீட்டுக்கு வருஷத்துக்கு 52 கிலோ, அதாவது 173 செடி. பைக்கு இரண்டு செடி என்றாலும் 87 பை. தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், பை விலை எல்லாவற்றையும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

"காசுக்கா வளர்க்கிறோம்? ஒரு ஆசைதான்." சரி, ஆசைக்கு மறுப்பில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட கார்த்திகை வாக்கில் ஒரு பை போடுங்கள். கோலிக்குண்டு சைஸில் நாலு கிடைக்கும். வெயில் பட்டுப் பச்சை ஏறியதைச் சமைக்காதீர்கள், அது விஷம். ஆனால் அந்த நாலு கோலிக்குண்டுக்குத் 'தற்சார்பு' என்று மட்டும் பேர் வைக்காதீர்கள்.

என் கோபம் உருளை மேல் இல்லை. இலஞ்சியின் மண்ணுக்கும் வெயிலுக்கும் தைத்த சட்டை மாதிரி ஒரு கிழங்கு ஏற்கெனவே இருக்கிறது. சிறுகிழங்கு. தென்காசி, நெல்லைப் பக்கம் அது இல்லாமல் பொங்கலா? பனங்கிழங்கு, சேனை, சேம்பு வரிசையில் அதுவும் படையலில் உட்காரும். துளசி குடும்பம், இலையைப் பார்த்தால் கற்பூரவல்லிக்குத் தங்கச்சி என்பீர்கள். சுதேசி என்று கொடி பிடிக்கவில்லை. அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகத்தான் தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். வந்த இடத்தில் ஒத்துப்போனது, அதுதான் விஷயம்.

அதை ஏன் விட்டோம்? தோல் உரிப்பது கஷ்டம். கழுவி, சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டி, தரையில் உருட்டித் தேய்க்க வேண்டும். மிச்சத்தைச் சுரண்டினால் விரலெல்லாம் கறுத்துப்போகும். மதினிமார் சலித்துக்கொண்டதில் நியாயம் உண்டு. சாக்கைத் தேய்க்க அண்ணாச்சிமார் ஒருநாளும் குனியவில்லையே! ஆனால் பொரியலாக வாயில் போட்டால் வரும் அந்த மண்வாசம் உருளைக்கு ஏழு ஜென்மத்திலும் வராது.

மலைக்கு அந்தப்புறம் அதற்குக் கூர்க்கை என்று பேர், மரியாதையும் உண்டு. ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீதரா' என்று தனி ரகமே வெளியிட்டிருக்கிறது. நம் விவசாயி விளைவிப்பதில் பெரும்பகுதி புளியரை வழியாகக் கேரளத்துக்குத்தான் லாரி ஏறுகிறது. வாங்குகிற ஆள் முழுக்க அந்தப்புறமே இருந்தால் விலை சொல்கிறவரும் அந்தப்புறம்தானே இருப்பார்? இந்தப்புறத்தில் நாலு ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கினால்தான் விவசாயி வாய் திறந்து பேரம் பேச முடியும். நாமோ உள்ளூர்ச் சந்தையில் அதைத் தாண்டிப் போய், புறவாசலில் வராத உருளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

பை வாங்கிவிட்டீர்கள் என்றால் தூக்கிப் போட வேண்டாம். ஆனி, ஆடியில் சிறுகிழங்கு நாற்றங்கால் வைத்திருக்கிற விவசாயியிடம் நுனிக்கொடி கேளுங்கள். ஒரு சாண் நீளம் போதும். மணல் கலந்த மண்ணில் நட்டு, ஒரு மாதம் கழித்து மண் அணையுங்கள். நாலைந்து மாதத்தில், பொங்கலை ஒட்டி, தோண்டலாம். கொடிக்கு உண்டான காசைக் கொடுத்து வாங்குங்கள், ஓசியில் கேட்காதீர்கள்.