மூடுபனி நாளும் மலையேறும் ஸ்கீக்காரர்களும்

பனிச்சறுக்கு என்றதும் பெரும்பாலானவர்களுக்குக் கண்முன் வருவது ஒரே படம்தான். நீல வானம், வெள்ளை மலை, லிப்டில் மேலே போய் சர்ரென்று கீழே இறங்கும் கூட்டம். ஆனால் ஆல்ப்ஸ் மலைகளில் இன்னொரு வகை ஆட்களும் உண்டு. லிப்டே வேண்டாம் என்று, ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தே மலை ஏறுவார்கள். உச்சிக்குப் போனதும் அதே ஸ்கீயில் சறுக்கி இறங்குவார்கள். இதற்கு ஸ்கீ டூரிங் என்று பெயர்.

வழுக்குவதற்கென்றே செய்த பலகையில் எப்படி மேலே ஏறுவது என்று கேட்கலாம். ஸ்கீயின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலில் செய்தார்கள், அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. இப்போது மொஹேர் என்ற ஆட்டு ரோமத்திலோ நைலானிலோ செய்கிறார்கள். ரோமம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். (பூனையின் முதுகை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தால் தத்துவம் புரியும். பூனை சம்மதித்தால்!) ஏறும்போது காலணியின் முன்பகுதி மட்டும்தான் ஸ்கீயோடு இணைந்திருக்கும். குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். 1980களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் பார்தெல் இதற்கென்று மிக லேசான ஒரு பிணைப்பை உருவாக்கினார். அதன் பிறகு சாதாரண மனிதர்களுக்கும் இந்த விளையாட்டு எட்டியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இவர்களில் பலர் ஆளில்லாத மலைகளுக்குப் போவதில்லை. ஸ்கீ மையங்களில் இயந்திரம் வைத்துச் சமன்செய்த தடங்கள் இருக்கின்றன அல்லவா, பிஸ்ட் என்பார்கள், அதன் ஓரமாகவே ஏறுகிறார்கள். இதைப் பார்த்து இரண்டு தரப்பு முகம் சுளிக்கிறது. "இதெல்லாம் ஒரு மலையேற்றமா? ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடுவது மாதிரி" என்பது பழம் தின்று கொட்டை போட்ட மலையேறிகளின் கேலி. "காசு கொடுக்காமல் எங்கள் தடத்தில் ஏறுகிறார்களே" என்பது சில ஸ்கீ மையங்களின் எரிச்சல்.

மூடுபனி இறங்கும் நாளில் இந்த இரண்டுமே தவறு.

ஆல்ப்ஸில் மூடுபனி என்றால் வெறும் மங்கலான காட்சி அல்ல. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நிழலே கிடையாது. முன்னால் இருப்பது மேடா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது. நின்றுகொண்டிருப்பவருக்கு நகர்வது போலத் தோன்றும். நகர்பவருக்கு நிற்பது போலத் தோன்றும். தலை சுற்றும். நேராகப் போகிறோம் என்று நினைத்து வட்டமடித்தவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய சிக்கல் பனிச்சரிவு. ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 5 நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். அதிக உயிர்கள் போவது 4லோ 5லோ அல்ல, 3ஆம் நிலை நாட்களில்தான். 5 என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், 3 என்றால் 'பார்த்துப் போகலாம்' என்று கிளம்புவார்கள். ஆனால் மூடுபனியில் எதைப் பார்ப்பது? பலகை போலப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் கிளம்புபவை. தலைக்கு மேலே இருக்கும் சாய்வு 25 டிகிரியா 38 டிகிரியா, அங்கே காற்று புதுப்பனியைக் குவித்து வைத்திருக்கிறதா, விரிசல் ஓடியிருக்கிறதா... இதையெல்லாம் சொல்ல வேண்டிய கண் அன்றைக்கு வேலை செய்யாது.

அப்படியே ஒருவர் புதைந்துவிட்டால்? முதல் 10, 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதன் பிறகு அது வேகமாகக் குறைகிறது. மூடுபனி அடர்த்தியாக இருந்தால் மீட்பு ஹெலிகாப்டர் கிளம்புவதே கடினம். ஆக, தவறு நடக்க அதிக வாய்ப்புள்ள அதே நாளில்தான் உதவியும் தாமதமாக வரும்.

இப்போது பிஸ்ட் ஓரத்தைப் பாருங்கள். ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷனை எடுத்துக்கொள்வோம். 1936இல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஆல்பைன் ஸ்கீ போட்டி நடந்த ஊர். அங்கே பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் க்ரொய்ட்செக் வரை ஏறுவது ஏறத்தாழ 900 மீட்டர் ஏற்றம். மணிக்கு 400 மீட்டர் ஏறுபவருக்கு இரண்டே கால் மணி நேரம். வியர்வைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் தடத்தின் ஓரத்தில் குறிக்கம்பங்கள் இருக்கின்றன. ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம், அதிலிருந்து அடுத்தது என்று போனால் வழி தவறாது. தடத்துக்கு மேலே பனிச்சரிவு அபாயம் இருந்தால் கவனிக்க ஊழியர்கள் இருக்கிறார்கள், மூட வேண்டுமானால் மூடுகிறார்கள். முடியாவிட்டால் திரும்பி இறங்கலாம். இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது? அன்றைய வானிலையைப் படித்து அதற்கேற்ப மலையைத் தேர்ந்தெடுப்பதுதான் மலையேறும் அறிவு.

அடுத்தது உரிமைப் பேச்சு. பவேரிய மாநிலத்தின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 141ஆம் பிரிவு, காட்டிலும் மலை மேய்ச்சல் நிலத்திலும் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கிறது. பிஸ்ட் என்பது என்ன? பல இடங்களில் கோடையில் மாடு மேயும் நிலம்தான். அதன் மேல் பனி விழுந்ததும் அது ஒரு நிறுவனத்தின் தனிச்சொத்தாகிவிடுமா? பாதுகாப்புக்காகக் குறிப்பிட்ட நேரம் மூடலாம், ஆனால் பொதுவாக ஏறலாம் என்பதே அங்குள்ள நிலை. இத்தாலி நேர் எதிர். 2021இல் வந்த சட்டப்படி பிஸ்டில் ஏறுவது இயல்பாகவே தடை. மையத்தை நடத்துபவர் அனுமதித்தால்தான் ஏறலாம்.

ஸ்கீ மையங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பனியைச் சமன்செய்வது, செயற்கைப் பனி தூவுவது, காயம்பட்டவரைத் தூக்கி வருவது எல்லாவற்றுக்கும் லிப்ட் டிக்கெட் வாங்குபவர்தான் பணம் தருகிறார். அதற்கு வாகன நிறுத்தக் கட்டணமோ ஒரு சிறு ஏறுவழிக் கட்டணமோ வாங்கலாம், தவறில்லை. தடை மட்டும் தீர்வாகாது. 2020-21 குளிர்காலத்தில் கொரோனாவால் பிரான்ஸில் லிப்டுகள் மூடிக் கிடந்தபோது, ஏராளமானவர்கள் முதன்முறையாக ஸ்கின் ஒட்டிக்கொண்டு ஏறக் கற்றுக்கொண்டார்கள். 2026 மிலானோ-கோர்டினா ஒலிம்பிக் பட்டியலிலும் ஸ்கீ மலையேற்றம் இடம்பிடித்தது. இனி இந்தக் கூட்டம் குறையப் போவதில்லை. பிஸ்டில் 'ஏறாதே' என்று பலகை வைத்தால், புதிதாகக் கற்றவர் மூடுபனியில் எங்கே போவார்? பலகை இல்லாத மலைக்குத்தான்!

ஆனால் உரிமை கேட்பவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, ஓரம். சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் 10 நடத்தை விதிகளில் 7ஆவது, ஏறுபவர் தடத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும் என்கிறது. மூடுபனியில் இது உயிர் பிழைக்கும் விதி. மேலிருந்து வருபவருக்கு 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், பக்கத்தில் பக்கத்தில் கதை பேசிக்கொண்டு ஏறும் இருவர் அவருக்குத் திடீர்ச் சுவர். ஒருவர் பின் ஒருவராக, பளிச்சென்ற உடையில் ஏற வேண்டும். தடத்தைக் கடக்க வேண்டுமானால் மேட்டுக்குக் கீழே மறைவில் கடக்கவே கூடாது. (இறங்குபவருக்கும் விதி உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு ஏற்ற வேகம்தான்.)

இரண்டாவது, மாலை. லிப்ட் நின்றதும் பனியைச் சமன்செய்யும் வண்டிகள் வரும். செங்குத்தான இடத்தில் அந்த வண்டியை மேலே ஒரு நங்கூரத்தில் இரும்புக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கயிறு ஆயிரம் மீட்டர் வரைகூட நீளும். பனிக்குள் புதைந்து கிடக்கும், இழுவை கூடும்போது சட்டென்று மேலே எழும், பக்கவாட்டில் வீசும். இருட்டில் தெரியாது. இதில் சிக்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். 'தடம் மூடப்பட்டது' என்ற பலகைக்கு மேல் வாதம் கிடையாது.

மூன்றாவது, காடு. ஓரம் என்றால் மரங்களுக்குள் புகுந்து குறுக்கு வழி போடுவது அல்ல. கருங்காட்டுக்கோழி குளிர்காலத்தில் பனிக்குள் குழி பறித்துச் சக்தியைச் சேமித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதை ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அது சேமித்தது கரைகிறது. பலமுறை நடந்தால் அது குளிர்காலத்தைத் தாண்டாது.

ஸ்கீ மையங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. தடத்தின் ஒரு பக்கம் ஓர் ஏறுவழியைக் கம்பம் நட்டுக் குறித்துக் கொடுக்கலாம். வாரத்தில் ஓரிரு மாலை, வண்டி ஓடாத தடம் ஒன்றைத் திறந்து வைக்கலாம். பவேரியாவில் பல மையங்கள் இப்படித்தான் சமாளிக்கின்றன, ஜெர்மன் ஆல்பைன் சங்கம் இதற்கென்றே 10 விதிகள் வெளியிட்டிருக்கிறது. சில கம்பங்களும் ஒரு பலகையும் ஆகும் செலவு, மூடுபனியில் தொலைந்த ஒருவரைத் தேட மீட்புக் குழுவினர் தங்கள் உயிரைப் பணயம் வைப்பதைவிட எவ்வளவோ குறைவு.

கேலி செய்யும் மூத்த மலையேறிகளுக்கு ஒரே ஒரு கேள்வி. மலை தெளிவாகத் தெரியும் நாள் அடுத்த வாரம் வரும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டாமா?